குகதாசனின்ர நெளிஞ்ச கார்

எனக்கு அன்னத்தைக் கண்டாலே குமட்டிச் சத்தி வருகுது. உயிரோடை தண்ணியிலை நீந்திற அன்னத்தைச் சொல்லேல்லை, அது பாவம். பஞ்சு மாதிரிப் பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் நுரைப்பலகையிலை நான் வெட்டி, செட்டைக்கு மினுக்கம் ஒட்டி, பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் பிள்ளையை ஏத்தி மண்டபத்துக்குள்ளை உருட்டிக்கொண்டு போறமே, அந்தக் கண்டறியாத அன்னத்தைச் சொல்லுறன். அன்னம், மயில், சிப்பி, தாமரைப்பூ. போன வருசம் ஒராள் ஹெலிகொப்டர் கேட்டவர். செய்து குடுத்தன். பிள்ளை இறங்கேக்கை தாவணி விசிறியிலை மாட்டுப்பட்டு, தாய்க்காரி என்னைத்தான் ஏசினவ.

பிரான்சிலை எங்கடை சனத்தின்ர கடைத்தெரு லா சப்பலிலை ஆரைக் கேட்டாலும் மண்டபச் சோடனைக்குத் தங்கேஸ்வரியைத்தான் காட்டுவினம். என்ர வேலைக்கொட்டில் ஒபர்வில்லியேயிலை, மொத்த வியாபாரச் சாமான் அடுக்கிற கட்டடம் ஒண்டின்ர பின்பக்கத்திலை இருக்குது. சூட்டுக் கம்பியாலை றெஜிபோமை வெட்டேக்கை வாற மணம் இருக்கே, எத்தினை தரம் முழுகினாலும் தலையை விட்டுப் போகாது. மெற்றோவிலை பக்கத்திலை இருக்கிற சனம் எழும்பிப் போகும். போகட்டும், எனக்கும் இடம் காணும்.

உப்பிடி இருக்கேக்கைதான் ஜெயரட்ணம் அண்ணை வந்தவர். சாப்பாட்டுக்கடை வைச்சிருக்கிறவர். கடை போதாதெண்டு சங்கத்துக்குத் தலைவரா வரவும் ஓடித்திரியிறவர். ஆரின்ர செத்தவீட்டிலையும் முன்வரிசையிலை நிண்டு படம் எடுக்கிற ஆள்.

"தங்கச்சி, என்ர தங்கச்சியின்ர மனுசனுக்கு அம்பதாவது பிறந்தநாள்," எண்டார். "சார்செலிலை பெரிய மண்டபம் எடுத்திருக்கிறன். மச்சான் ரேஸ் காரிலை இருந்தபடி உள்ளுக்கு வரவேணும். சும்மா ஆளே அவர்? கார் ஓட்டத்திலை பிரான்ஸ் சம்பியன்."

ஆரெண்டு கேட்டால் குகதாசன் எண்டுறார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. எனக்குத் தெரிஞ்ச குகதாசன், டிப்போவிலை இருந்து கமியோன் லொறியிலை றெஜிபோம் பலகை கொண்டுவந்து இறக்கிற மனுசன். மெலிஞ்ச உருவம், நாலு சொல்லுக்கு மேலை கதைக்கமாட்டார், தேத்தண்ணி குடுத்தா நிண்டபடி குடிச்சிட்டுக் கோப்பையைக் கழுவி வைச்சிட்டுப் போவார். அவர் சம்பியனோ? ஜெயரட்ணம் அண்ணை போனிலை ஒரு படம் காட்டினார். நிலத்தோடை ஒட்டிக்கொண்டு, பளபளவெண்டு, அரணை மாதிரி ஒரு கார். உது மாதிரி வேணும், தங்க நிறத்திலை, எண்டிட்டுப் போயிட்டார்.

அடுத்த முறை பலகை இறக்க வந்த குகதாசன் தேத்தண்ணி குடிச்சு முடிச்சும் போகேல்லை.

"அக்கா, ஜெயரட்ணம் அத்தான் கார் ஒண்டு சொன்னவரோ?"

"ஓம்."

"செய்யத்தான் போறியளெண்டா என்ர காரைச் செய்யுங்கோ. அவர் காட்டின படத்திலை இருக்கிற காரிலை நான் என்ர ஆயுளிலை ஏறினதில்லை."

"உம்மட காரை நான் எங்கை கண்டனான்?"

"ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, காட்டுறன்."

போனன். ஏன் போனன் எண்டு அண்டைக்கு முழுக்க என்னை நானே ஏசினன். பொவே பக்கம், சீனிக்கிழங்கு விளையிற வெளிக்கு நடுவிலை ஒரு காணி. காணியெண்டு சொன்னால் மரியாதை. சேறு. நல்ல சப்பாத்து ஒண்டு போட்டுக்கொண்டு போனனான், அது அங்கையே சமாதி. காலமை பத்து மணிக்குக் கையிலை பியர். இறைச்சிக்குழல் வாட்டுற புகை ஒரு பக்கம், பெற்றோல் மணம் இன்னொரு பக்கம், கழிப்பறையெண்டு வைச்சிருந்த பெட்டியைப் பற்றி நான் கதைக்கேல்லை. நடுவிலை வட்டமா ஒரு பாதை. அதிலை கண்ணாடி எல்லாம் கழட்டின, குப்பைக்குப் போகவேண்டிய கார்கள் ஓடுது. ஓடுதெண்டும் சொல்லேலாது. ஒண்டையொண்டு இடிக்குது. ஒருத்தன் மற்றவன்ர காரைப் பிரட்டிவிட்டால் சனம் எழும்பி நிண்டு கைதட்டுது, குழந்தைப்பிள்ளையளும் கைதட்டுது. சீயெண்டு போச்சு எனக்கு. எங்கடை சனத்தின்ர அன்னமே பரவாயில்லை எண்டு அண்டைக்கு நினைச்சன்.

குகதாசனின்ர கார் ஒரு பழைய பேஜோ. ஒரு காலத்திலை வெள்ளையா இருந்திருக்கலாம். கதவிலை கறுப்பாலை எட்டு எண்டு எழுதிக் கிடந்தது. கையளவு நேரான தகரம் அதிலை இல்லை.

அங்கை எல்லாத்தையும் நடத்திறவர் ழான்-மார்க். எழுவது வயதிருக்கும், பெரிய வயிறு, முந்தி ஒபர்வில்லியேயிலை கறாஜ் வைச்சிருந்தவர். குகதாசனின்ர கமியோனைத் திருத்தப்போய்ப் பழக்கமாம். ஒருநாள் ஓடவேண்டிய ஒருத்தன் கை முறிஞ்சு படுக்க, "கூகா, நீ ஓடுவியோ?" எண்டு கேட்டிருக்கிறார். கூகா எண்டால் குகதாசன்தான். அண்டைக்கு ஏறினவர் பதினாறு வருசமா இறங்கேல்லை. இதையெல்லாம் சொல்லிப்போட்டு ழான்-மார்க் என்ர ரெண்டு கன்னத்திலையும் கொஞ்சினார். பியரும் சேறும் மீசையும். நான் முகத்தைத் துடைக்கிறதை அவர் பாத்தும் கோவிக்கேல்லை.

"கூகா எத்தினை தரம் வெண்டவர்?" எண்டு கேட்டன்.

மனுசன் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். "வெல்லுறது அவன்ர வேலை இல்லை," எண்டார். "ஒரு அணிக்கு ரெண்டு கார். ஒண்டு வெல்லுறதுக்கு. மற்றது பின்னாலை வாறவங்களை மறிக்கிறதுக்கு. கூகா மறிக்கிறவன். எங்களுக்கும் மறிச்சான், ஆள் இல்லையெண்டு ஆர் கேட்டாலும் அவைக்கும் போய் மறிச்சான். எல்லாரின்ர இடியும் அவன்ர கதவிலைதான். ஆனா அவன்ர காரை ட்ரக்ரர் கட்டி இழுத்துக்கொண்டு வந்ததில்லை. எப்பிடியோ ஓடி முடிச்சிடுவான்."

அண்டைக்கும் அப்பிடித்தான். கடைசிக்கு முதல் ஆளா, முன்சில்லு கோணினபடி, மாடு நொண்டிற மாதிரி வந்து கோட்டைத் தாண்டினது அந்த எட்டு. முடிஞ்ச உடனை ஓடி முடிச்ச எல்லாருக்கும் ஆளுக்கொரு கப் குடுத்தினம். மினுங்கிற மலிவுக் கப். குகதாசன் வாங்கித் தான் வந்த வான் வண்டியின்ர பின்பக்கத்துக்குள்ளை எறிஞ்சார்.

எனக்கு அப்பதான் பொறி தட்டினது. ஜெயரட்ணம் அண்ணையின்ர தங்கச்சி புனிதவதியின்ர வீட்டுக்கு நான் போயிருக்கிறன், அவவின்ர மனுசன்தான் இந்தக் குகதாசன் எண்டு அப்ப தெரியாது. சார்செலிலை பத்தாம் மாடி. வரவேற்பறையிலை கண்ணாடி அலுமாரி, அதுக்குள்ளை நிறையக் கப். மனுசி லா சப்பலிலை சீலைக்கடையிலை நிக்கிறவ. சீலை விரிக்கிற நேரமெல்லாம் மனுசனின்ர கப்பைப் பற்றித்தான் கதை. கலியாணச் சீலை எடுக்க வாற சனத்துக்கெல்லாம் அது பாடம். எங்கடை ஆக்களுக்குக் கப் எண்டா முதலாம் இடம். பள்ளிக்கூடத்திலை இருந்து அப்பிடித்தானே பழகினனாங்கள், வந்தவைக்கெல்லாம் கப் குடுக்கிற ஒரு ஊர் உலகத்திலை இருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?

கொட்டிலிலை காரைச் செய்யத் தொடங்கினன். பழைய அன்னத்தின்ர சில்லுத் தட்டை எடுத்து, மேலை மரச்சட்டம் அடிச்சு, றெஜிபோமை ஏத்தினன். வேலை முடிஞ்ச பிறகு குகதாசன் வருவார். அன்னத்துக்கு ஒரே ஒரு வளைவுதான், கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். இதுக்கு ஒவ்வொரு நெளிவும் வேறை வேறை. அகப்பையைச் சூடாக்கி அமத்தி அமத்தி எடுத்தன். ஒவ்வொண்டுக்கும் நான் கேக்க, நாலு சொல் கதைக்காத மனுசன் கதை சொன்னார். இடக்கதவிலை ஆழமா ஒரு குழி. அது ழான்-மார்க்கும் ஓடி வெண்ட வருசம் விழுந்தது. கடைசி ஓட்டத்திலை பின்னாலை ரெண்டு கார் துரத்த, குகதாசன் காரைக் குறுக்காலை விட்டிட்டு நிண்டிருக்கிறார். ரெண்டும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா வந்து அந்தக் கதவிலை அடிச்சுது. விலா எலும்பு வெடிச்சு, டிப்போவிலை பெட்டி தூக்கி விழுந்ததெண்டு பொய் சொன்னவராம். கூரையிலை சப்பிக்கிடக்கிறது, மழைக்குள்ளை பிரண்டு திரும்ப நிமிந்து ஓடின அண்டைக்கு. முன்மூடியிலை கிடக்கிறது ஒரு பொம்பிளை இடிச்சது. அவ அடுத்த ஞாயிறு ஒரு போத்தல் ஜாம் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டவவாம்.

"ஜாமுக்கு என்ன செய்தனீர்?"

"புனிதம் பாணுக்குப் பூசினவ. வெண்டதுக்குத் தந்த பரிசெண்டு நினைச்சா."

சொல்லிப்போட்டுத் தலையைக் குனிஞ்சுகொண்டார். பிறகு தானாவே கதைச்சார். "முதல் கப் கொண்டு போகேக்கை, அவ ஓடிவந்து வாங்கிச் சாமிக்கு முன்னாலை வைச்சிட்டா, அக்கா. நான் வாய் திறக்க முதல் ஊருக்குப் போன் எடுத்திட்டா. ரெண்டாவது கப்போடை சொல்லுவம் எண்டு இருந்தன். இப்ப அலுமாரி நிறைஞ்சு போச்சு."

"இப்ப சொல்லும்."

"கடையிலை எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறா. அவ எந்த முகத்தோடை போய் அங்கை நிக்கிறது?" எழும்பித் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைச்சார். "விழாவுக்கு ழான்-மார்க்கும் வாறார். ஓடுறதைப் பற்றி அங்கை ஒருத்தரும் பொய் சொல்லுறேல்லை, அக்கா. ஒருத்தன் வெல்லாததை வெண்டனான் எண்டால் அவனோடை கதையை விட்டிடுவினம். அத்தான் மேடையிலை ஏத்திச் சம்பியன் எண்டு சொல்ல, நான் பேசாமல் இருந்தன் எண்டா, பிறகு நான் அந்தப் பக்கம் போகேலாது. எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லாமப் போயிடும்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பொஞ்சாதிக்கு உண்மை சொல்லப் பயம், வெள்ளைக்காரனுக்குப் பொய் சொல்லப் பயம், நடுவிலை நான் அகப்பையோடை நிக்கிறன். ஆனால் காரை நல்லாத்தான் செய்தன். கோப்பித்தூளையும் பசையையும் குழைச்சுச் சேறு அடிச்சன். கதவிலை எட்டுப் போட்டன். குகதாசன் வந்து அந்தக் குழிக்குள்ளை கையை வைச்சுப் பாத்திட்டு, "இவ்வளவு ஆழம்தான்," எண்டார். பதினெட்டு வருசத் தொழிலிலை நான் செய்த ஒண்டைப் பாக்க எனக்கு அருவருப்பு வராமல் இருந்தது அண்டைக்கு மட்டும்தான்.

விழா நாள் பின்னேரம் காரை மண்டபத்துக்குக் கொண்டுபோய் இறக்கினன். ஜெயரட்ணம் அண்ணை பட்டுவேட்டியோடை வந்து பாத்தார். செத்த எலியைக் கண்ட முகம்.

"என்ன அரியண்டம் இது? குப்பைக்குள்ளை கிடந்த காரை என்ர மச்சானுக்குக் கொண்டந்திருக்கிறாய்?"

"இதுதான் அண்ணை அவர் ஓடுற கார்."

"எட்டு வேறை. எட்டு சனியன்ர நம்பர் எண்டு தெரியாதே உனக்கு? ஒண்டைப் போடு. சம்பியனுக்கு ஒண்டுதானே."

அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். குகதாசன் சொன்னவர். அந்தக் காணியிலை ஒண்டு எண்டு எழுதினால் போன வருசம் வெண்ட ஆள் எண்டு அர்த்தம். அதை ஒருத்தருக்கும் சும்மா எழுதேலாது. ழான்-மார்க் தன்ர ஆயுளிலை ஒரே ஒரு வருசம்தான் அந்த ஒண்டோடை ஓடினவர்.

நான் மாட்டன் எண்டன். அவர் கடைப் பெடியங்களைக் கூப்பிட்டார். ரெண்டு பேர் தங்க நிற ஸ்பிறே போத்தலோடை வந்தாங்கள், காருக்கு அடிக்கிற ஸ்பிறே. "அண்ணை, உதை அடிச்சா றெஜிபோம் கரையும்," எண்டு கத்தினன். ஆர் கேட்டது? அடிச்ச இடமெல்லாம் சுர்ரெண்டு பொரிஞ்சு, அம்மாள் வருத்தம் வந்த முகம் மாதிரிக் குழி குழியாப் போச்சு. நான் ஒரு கிழமை அமத்தின நெளிவெல்லாம் கரைஞ்சு ஒழுகினது. வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டன், அதை இஞ்சை எழுதேலாது. அதுக்கு மேலை தங்கக் கடதாசியைச் சுத்தி, பூச்சரத்தைக் கட்டி, கதவிலை பெரிசா ஒண்டு ஒட்டினாங்கள். முன்னுக்குப் பிரெஞ்சிலை சம்பியன் எண்டு மின்வெளிச்ச எழுத்து.

குகதாசன் மினுங்கிற குர்தாவோடை திரைக்குப் பின்னாலை வந்து நிண்டார். காரைப் பாத்தார். என்னைப் பாத்தார். புனிதவதி பட்டுச்சீலையும் தலை நிறையப் பூவுமா, முகமெல்லாம் சிரிப்பு. "இஞ்சருங்கோ, ஏறுங்கோவன், சனம் பாத்துக்கொண்டிருக்குது," எண்டா. அந்தச் சிரிப்பைப் பாத்திட்டு மனுசன் ஏறினார்.

புகை விட்டாங்கள். அந்தப் புகை மணமும் எனக்குப் பிடிக்காது. மேளம், வாணவெடிச் சத்தம் எல்லாம் பெட்டியிலை இருந்து. ஒலிவாங்கியோடை நிண்ட அறிவிப்பாளர், "பிரான்ஸ் மண்ணை அதிரவைத்த வேகப்புயல்," எண்டு தொண்டையைக் கிழிக்கிறார். ஆறு பேர் அந்தத் தங்கப் பொட்டலத்தைத் தள்ளிக்கொண்டு வர, உள்ளுக்கை குகதாசன் பல்லுவலி வந்தவர் மாதிரி இருந்து கையைக் காட்டுறார்.

முன்வரிசையிலை ழான்-மார்க், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு. பக்கத்திலை ஒருத்தரும் இருக்காததாலை நான் போய் இருந்தன். கதவைக் கண்டதும் மனுசனின்ர சிரிப்பு நிண்டு போச்சு.

"கூகாவோ அதை எழுதச் சொன்னது?"

"இல்லை."

"அப்ப ஏன் ஏறினவன்?"

நான் புனிதவதியைக் காட்டினன். அவருக்கு விளங்கேல்லை.

மேடையிலை சிம்மாசனம் ரெண்டு. ஜெயரட்ணம் அண்ணை பொன்னாடை போத்தி, தன்ர குடும்பத்தின்ர பெருமையைப் பற்றிக் கால்மணித்தியாலம் கதைச்சார். அதிலை குகதாசனின்ர பேர் ஒருக்கா வந்தது. பிறகு ஒலிவாங்கியைக் குகதாசனிட்டைக் குடுத்து, "ரெண்டு வார்த்தை," எண்டார்.

குகதாசன் முன்வரிசையைப் பாத்தார். "நான் ஒரு போட்டியிலையும் வெல்லேல்லை," எண்டார். "ஒருநாளும் வெல்லேல்லை."

மண்டபம் முழுக்கக் கைதட்டு.

"பாருங்கள் உறவுகளே, என்ன ஒரு தன்னடக்கம்," எண்டார் அறிவிப்பாளர்.

"இல்லை, உண்மையாத்தான் சொல்லுறன். நான் சம்பியன் இல்லை."

இன்னும் பெரிய கைதட்டு. பின்னாலை விசிலும் அடிச்சாங்கள். புனிதவதி வெக்கப்பட்டுச் சிரிக்கிறா. பொய்யைச் சொன்னாலும் கைதட்டு, உண்மையைச் சொன்னாலும் கைதட்டு. இந்தச் சனத்துக்கு முன்னாலை ஒரு மனுசன் எப்பிடித்தான் உண்மை சொல்லுறது?

"என்ன சொன்னவன்?" எண்டார் ழான்-மார்க்.

"ஒருநாளும் வெல்லேல்லையாம். இவை நம்புகினமில்லை."

மனுசன் கதிரையைத் தள்ளிப்போட்டு எழும்பினார். வெள்ளைக்காரர் வாழ்த்த வாறார் எண்டு அறிவிப்பாளர் குனிஞ்சு வழி விட்டார். ழான்-மார்க் ஒலிவாங்கியை வாங்கி, குகதாசனின்ர தோளிலை ஒரு கையை வைச்சார். பிரெஞ்சிலை மெதுவாத்தான் கதைச்சார்.

"கூகா பதினாறு வருசமா எங்களோடை ஓடுறான். ஒருநாளும் வெல்லேல்லை. ரெண்டாவதாக்கூட வரேல்லை. அந்தக் கதவிலை இருக்கிற ஒண்டு அவனுடையது இல்லை, என்னுடையது. நான் வெல்லுறதுக்காக அவன் தன்ர கதவைக் குடுத்தான், எலும்பையும் குடுத்தான்."

இஞ்சை பிறந்த பெடிபெட்டையளுக்குத்தான் முதல் விளங்கினது. அதுகள் விழுந்து விழுந்து சிரிச்சுதுகள். தாய் தேப்பன் என்னவாமெண்டு கேக்க, மேசை மேசையாத் தமிழிலை போச்சு. போன மேசையிலையெல்லாம் கைதட்டு நிண்டுது. கடைசியிலை சமையலறைப் பக்கம் மட்டும் ரெண்டு பேர் தட்டிக்கொண்டு நிண்டினம், பிறகு அவையும் விட்டிட்டினம்.

ஜெயரட்ணம் அண்ணை பாய்ஞ்சு ஒலிவாங்கியைப் பிடுங்கினார். "உவர் பகிடி விடுறார், உவை அப்பிடித்தான்."

"அண்ணா, நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ." புனிதவதிதான் சொன்னவ. தமையனுக்கு முன்னாலை அவ அப்பிடிக் கதைச்சு நான் கேட்டதில்லை. ழான்-மார்க்கிட்டைத் திரும்பி, சீலைக்கடைப் பிரெஞ்சிலை, "அப்ப கப்?" எண்டு கேட்டா.

"ஓடி முடிக்கிற எல்லாருக்கும் குடுக்கிறது, மதாம்."

அவ புருசனைப் பாத்தா. கேக் வெட்ட நிண்ட சனம் அப்பிடியே நிக்குது. "அப்ப ஞாயிற்றுக்கிழமையெல்லாம் தோக்கத்தானோ போனனீங்கள்?"

"ஓம்."

"என்னத்துக்கு?"

"அங்கை ஒருத்தரும் என்னை வெல்லச் சொல்லிக் கேக்கேல்லை, புனிதம்."

நான் நினைச்சன் மனுசி அழப்போறா, இல்லாட்டி இறங்கிப் போகப்போறா எண்டு. அவ அழேல்லை. பூ பாரமா இருந்ததோ தெரியாது, தலையிலை இருந்து ஒவ்வொரு சரமாக் கழட்டிச் சிம்மாசனத்தின்ர கையிலை போட்டா.

"நான் அந்தச் சேத்தை இவ்வளவு காலமும் கையாலை தோய்ச்சனான்," எண்டா. "மிசினிலை போட்டா மிசின் பழுதாப் போகுமெண்டு. ஒரு ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். தோக்கிறவருக்கும் கரையிலை நிக்க ஒராள் வேணும்தானே."

குகதாசன் அந்தப் பூச்சரங்களை அள்ளிக் கையிலை வைச்சுக்கொண்டார். புனிதவதி என்ன சொன்னவ எண்டு ழான்-மார்க் என்னைப் பாத்துக் கேட்டார். அது குகதாசனுக்குச் சொன்னது, நான் சொல்லிக் குடுக்கேல்லை.